குடியம் குகைக்கு ஒரு நாள் நடை: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்தில் தரை உள்ளங்கை மாதிரி சமம். ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். அதனால் 'திருவள்ளூர்ப் பக்கம் குகை இருக்கிறதாம், நாலு கிலோமீட்டர் நடைதானாம்' என்று கேட்டதும் ஒரு லிட்டர் பாட்டிலோடு செருப்பில் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. குடியத்தில் தூரமோ உயரமோ ஆளைச் சாய்ப்பதில்லை. குன்றுகள் 400 மீட்டரைக்கூடத் தொடாதவை. சாய்ப்பவை இரண்டு: காலுக்கடியில் உருளும் கூழாங்கல், தலைக்கு மேல் நிழல் தராத புதர்க்காடு. கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றித்தான்.

குடியத்தைக் கூடியம் என்றும் சொல்வார்கள். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், அல்லிக்குழிக் குன்றுகளின் காப்புக்காட்டை ஒட்டிய சிற்றூர். அங்கிருந்து குகைக்கு எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து 3 முதல் 4 கிலோமீட்டர் காட்டுத்தடம். போக வர, நின்று பார்க்க என்று ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் அனுமதி

இது காப்புக்காடு. தமிழ்நாடு வனச்சட்டம், 1882-இன்படி அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். 'ஊர்க்காரர்கள் போகிறார்களே' என்ற வாதம் வனக்காவலரிடம் எடுபடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, மாநிலம் முழுக்க மலைநடைக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 தடங்களில் குடியமும் ஒன்று. எளிய வகைத் தடம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கட்டணமும் நாள்களும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் பதிவுப் பக்கத்தையே பாருங்கள். பிள்ளைகளை அழைத்துப்போவதாக இருந்தால் வயது விதியையும் அங்கேயே படித்துவிடுங்கள்.

வழிகாட்டி எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்தப் புதரில் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆட்டுத்தடமும் ஆள்தடமும் ஒரே மாதிரி இருக்கும். ஆடு குகைக்குப் போகாது, தழைக்குப் போகும். அதன் தடத்தைப் பிடித்தால் அரைமணியில் முள்ளுக்குள் நிற்பீர்கள். செல்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, புதர் பச்சையாக, ஓடைகளில் கொஞ்சம் நீரோடு இருக்கும் காலம் அது. அக்டோபர், நவம்பரில் கூழாங்கல் ஈரமாகி வழுக்கும். ஓடையும் திடீரென்று பெருகும். பிப்ரவரி நடுவுக்குப் பின் காட்டுத்தீக் காலம், தடங்களை மூடிவிடுவதுண்டு. ஏப்ரல், மே பேச்சுக்கே இடமில்லை.

கடலோரத்தில் வாழ்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள். காசிமேட்டில் பதினொரு மணி வெயிலைக் கடல்காற்று பாதியாக்கிவிடும். 50 கிலோமீட்டர் உள்ளே அந்தக் காற்று வந்துசேரச் சாயங்காலமாகும், சில நாள் வராமலே போகும். 'நமக்கு வெயில் பழக்கம்தானே' என்கிற கணக்கு அங்கே பொய்த்துவிடும்.

மூன்று வாரப் பயிற்சி

நடக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும் இது. முதல் வாரம் வெறும் கையோடு தினம் 4 கிலோமீட்டர். இரண்டாம் வாரம் முதுகுப்பையில் மூன்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களோடு அதே தூரம். மூன்றாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அதே பையோடு அடுக்ககப் படிக்கட்டில் மொத்தம் இருபது மாடி. ஏறுவதைவிட இறங்குவதை மெதுவாகச் செய்யுங்கள், ஏனென்றால் தொடையின் முன்தசை இறங்கும்போதுதான் அடிவாங்கும். கணுக்காலுக்கு, எண்ணூர்ப் பக்கக் கடற்கரையின் உலர்ந்த மணலில் அரைமணி நடை போதும். கூழாங்கல் பயிற்சி என்று ரயில் தண்டவாளச் சரளையில் நடக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

காலில் என்ன, பையில் என்ன

செலவு செய்வதென்றால் காலணிக்குச் செய்யுங்கள். அடியில் ஆழமான பள்ளம் மேடு உள்ள, அடித்தட்டு கைக்கு எளிதில் மடங்காத காலணி வேண்டும். ஓட்டத்துக்கான மெத்தைக் காலணி தார்ச்சாலைக்கு நல்லது. இங்கே கல்லின் வளைவுக்கு அதுவும் வளைந்து கொடுத்துக் கணுக்காலைப் பக்கவாட்டில் சாய்த்துவிடும். பெருவிரல் நுனிக்கு முன்னால் அரை அங்குல இடம் இருக்கட்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துவிடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். புதுக் காலணியை அன்றுதான் முதன்முதலில் போடக் கூடாது, குறைந்தது 20 கிலோமீட்டர் நடந்து பழகியிருக்க வேண்டும்.

உடை முழுக்கை, முழுக்கால். அரைக்கால் சட்டை போட்டு வருகிறவர்களைச் சூரைமுள் பார்த்துக்கொள்ளும். அதன் முள் கொக்கி போல வளைந்தது. மாட்டியதும் முன்னால் இழுத்தால் கிழியும், ஓரடி பின்வாங்கி விடுவிக்க வேண்டும். காரை, களா, உண்ணிச்செடி என்று மற்ற முள்ளுகளும் இருக்கின்றன. எம்.சி. ரோட்டில் வாங்கிய பழைய பருத்திச் சட்டை போதும். விலையுயர்ந்த மலையேற்ற உடை முள்ளுக்கு வீண். ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் தொடையை உராய்ந்து புண்ணாக்கும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், குறைக்கவே கூடாது. வழியில் குடிக்கத்தக்க நீர் இருப்பதாக நினைக்காதீர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். சுவைக்காக அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கலங்கும். தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை ஒரு சிறு டம்ளர் அளவு குடியுங்கள்.

பையில் இன்னும்: 10 சென்டிமீட்டர் அகல கிரேப் பேண்டேஜ் ஒன்று, ஒட்டுப்பட்டை, சாமணம், விசில், டார்ச், தொப்பி, குப்பைக்கு ஒரு காலிப்பை. மொத்த எடை ஐந்து கிலோவுக்குள் நிற்க வேண்டும். கையில் மார்பளவு தடி ஒன்று.

சாப்பாட்டுக்குப் புளிசாதமோ பொடி தடவிய இட்லியோ நன்றாகத் தாங்கும். தயிர்சாதம் பத்து மணிக்கு மேல் புளிக்கும். வடசென்னைக்காரர் பையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. அது தட்டில் போட்டவுடன் சாப்பிட வேண்டிய பொருள், மூன்று மணி நேரம் முதுகில் தொங்கினால் ஊறிப்போன நூல்கண்டு.

போகும் வழி

ரயிலில் போவதானால், கும்மிடிப்பூண்டித் தடத்தில் இருப்பவர்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கி அரக்கோணம் பக்க வண்டிக்கு மாற வேண்டும். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர்க்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. திருவள்ளூரில் இறங்கி பூண்டிக்குப் பேருந்து. பூண்டியிலிருந்து குடியத்துக்குப் பேருந்தை நம்பி நேரத்தைத் திட்டமிட வேண்டாம், ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் அதே ஆட்டோவிடம் நேரம் சொல்லி வைத்துவிடுங்கள்.

சொந்த வண்டி என்றால் மாதவரம், செங்குன்றம், தாமரைப்பாக்கம் கூட்டுரோடு, வெங்கல், சீத்தஞ்சேரி வழி. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் செங்குன்றம் லாரி நெரிசலுக்கு முன் தாண்டலாம். பெட்ரோலை செங்குன்றத்திலேயே போட்டுவிடுங்கள்.

பூண்டி அணை கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டியது. எண்ணூர் முகத்துவாரத்தில் நீங்கள் பார்க்கிற ஆறு இதுவேதான். இந்தக் குன்றுகளின் கற்களை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கழுவிக் கீழே கொண்டுவந்ததும் இதன் ஓடைகள்தான்.

கல்லைப் படித்துவிட்டு நடங்கள்

குகை என்றதும் ஆந்திரத்தின் பெலும், போரா குகை நினைவுக்கு வரும். அவை சுண்ணாம்புப் பாறைக் குகைகள். மழைநீரில் கரைந்த கரியமில வாயு மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கரைத்துக் கரைத்து உள்ளே வழி குடைந்திருக்கும். பெலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். குடியம் அப்படியல்ல. இது கூழாங்கற்கள் மண்ணோடும் மணலோடும் இறுகிச் சேர்ந்த திரள்பாறை. கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு போல இடைப்பொருள், கடலை போலக் குவார்ட்சைட் உருளைக்கல். பாகு காற்றிலும் மழையிலும் தேய, அடிப்பகுதி உதிர்ந்து, மேல்பகுதி கூரையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. இருட்டுச் சுரங்கம் கிடையாது. வாய் அகன்ற, வெளிச்சம் உள்ளே வரும் பாறை ஒதுங்கல்.

இது வெறும் புவியியல் பாடம் இல்லை. காலுக்கும் கைக்கும் தலைக்கும் மூன்று விதிகள் இதிலிருந்துதான் வருகின்றன.

கால்: பாறையிலிருந்து உதிர்ந்த உருண்டைகள்தான் தடம் முழுக்கக் கிடக்கின்றன. குவார்ட்சைட் கடினமானது, உடைந்து சப்பையாகாது, உருண்டையாகவே இருக்கும். ஆகவே எட்டி அடி வைக்காதீர்கள். சின்ன அடி, பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில், முழங்கால் லேசாக மடங்கி. குதிகாலை முதலில் ஊன்றும் சாலை நடை இங்கே உதவாது. குதிகாலுக்கடியில் ஒரு கல் உருண்டால் நேராக உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டு கல்லுக்கு இடையே மண் தெரிந்தால் அங்கே வையுங்கள். பாதி புதைந்த கல்லை நம்பலாம், மேலே கிடக்கும் கல்லை நம்பக் கூடாது. இறக்கத்தில் நேராக இறங்காமல் இடம் வலமாகச் சாய்வாக இறங்குங்கள், தடியை முன்னால் ஊன்றி. ஏறும்போது யாரும் விழுவதில்லை. திரும்பும்போது, களைத்த காலோடு, 'வந்த வழிதானே' என்ற அசட்டையோடு இறங்கும்போதுதான் கணுக்கால் சுளுக்குகிறது.

கை: சுவரில் துருத்தும் கல்லைப் பிடித்து ஏறாதீர்கள். கடலைமிட்டாயில் ஒரு கடலையைப் பிடித்துத் தொங்குவது போலத்தான். சுண்ணாம்புப் பாறையில் பிடி நிற்கும், ஆனால் விளிம்பு கையை அறுக்கும். இங்கே விளிம்பு அறுக்காது, பிடியே கையோடு வந்துவிடும்.

தலை: மழை பெய்த மறுநாள் கூரை விளிம்புக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. ஊறிய பாகிலிருந்து கல் விழும். தரையில் புதுக் கல் வரிசையாகக் கிடந்தால் அந்தக் கோடுதான் விழும் இடம், தாண்டி உள்ளே போய் உட்காருங்கள். சரிவில் ஆளுக்காள் மூன்று மீட்டர் இடைவெளி. காலால் ஒரு கல்லைத் தட்டிவிட்டால் வெட்கப்படாமல் 'கல்லு!' என்று கத்துங்கள்.

நேரக்கணக்கு

ஆறரைக்கு நடக்கத் தொடங்கினால் எட்டு, எட்டேகாலுக்குக் குகை. ஒன்றரை மணி நேரம் அங்கே. பத்தரைக்கு எங்கே இருந்தாலும், குகையைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும், திரும்புங்கள். இந்த ஒரு விதியை மட்டும் குழுவில் யாரும் பேரம் பேசக் கூடாது. முதல் ஆளின் வேகத்தில் அல்ல, கடைசி ஆளின் வேகத்தில் நடப்பது நல்லது. கடைசி ஆள் வந்துசேர்ந்ததும் கிளம்பாமல், அவரும் இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கட்டும்.

குகையில்

முதலில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் கறுப்பாகத் தொங்குபவை பெருந்தேனீ அடைகளாக இருக்கலாம். புகை, சென்ட், கூச்சல், கல்வீச்சு, டிரோன் எதுவும் கூடாது. சிகரெட் பற்ற வைக்கிறவர் தன்னை மட்டுமல்ல, எல்லோரையும் கொட்ட வைப்பார். தேனீ கலைந்தால் கையை வீசாதீர்கள், குனிந்து உட்காராதீர்கள். சட்டையையோ துண்டையோ முகத்தில் போட்டு, பார்வைக்கு மட்டும் இடம் விட்டு, அந்த இடத்தை விட்டு வேகமாக வெளியேறுங்கள். குட்டையில் மூழ்குவதும் பயனில்லை, மேலேயே வட்டமிட்டுக் காத்திருக்கும். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது அவசரம், 108.

ஊர்மக்கள் அம்மனை வணங்கும் இடம் உள்ளே உண்டு. அங்கே செருப்பைக் கழற்றுங்கள், உட்கார்ந்து சாப்பிட வேறு இடம் பாருங்கள்.

பிறகு தரையைப் பாருங்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அதிரம்பாக்கத்தைக் கண்டார். அது இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்கே கிடைத்த கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. கற்கருவி செய்வதில் அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது 2018 ஆய்வு. குடியம் குகையிலேயே 1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து கற்கருவிகளை எடுத்தது. காலைச் சுளுக்க வைக்கும் அந்தக் குவார்ட்சைட் உருளைதான் மூலப்பொருள்.

கருவியை எப்படி அடையாளம் காண்பது? இயற்கையாக உடைந்த கல்லில் ஒன்றிரண்டு சிதைவுகள் கண்டபடி இருக்கும். மனிதன் செதுக்கியதில், சிப்பி போலக் குழிந்த தழும்புகள் ஒரே விளிம்பை நோக்கி வரிசையாக, பெரும்பாலும் இரண்டு பக்கமும், ஓடும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். எடுத்து வரக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல் வெறும் கல். செதுக்கிய கல்லை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. விடுமுறை நாளை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் நடைக்கு முந்தியே பாருங்கள், கண் பழகிவிடும்.

தப்பாகப் போனால்

வெயில்: தலைவலி, குமட்டல், அதிக வியர்வை, தள்ளாட்டம் என்றால் நிழலில் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரைமணியில் தெளியாவிட்டால் நடை முடிந்தது, திரும்ப வேண்டும். உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், அது வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாமல், இருக்கிற தண்ணீரையெல்லாம் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

கணுக்கால்: மடங்கியதும் காலணியைக் கழற்றாதீர்கள். கழற்றினால் வீங்கிவிடும், திரும்பப் போட முடியாது. கயிற்றை இறுக்கிக் கட்டி, காலணிக்கு மேலேயே கிரேப் பேண்டேஜை எட்டுப்போல் சுற்றி, தடியோடு இறங்குங்கள். நாலு அடிகூட ஊன்றி வைக்க முடியவில்லை என்றால் எலும்பு முறிவாகவே எண்ணித் தூக்கிவர வேண்டும்.

பாம்பு: கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இந்த மாதிரிக் காய்ந்த கல்லாங்குத்துக்கு உரியவை. கல்லுக்கடியில் கை விடாதீர்கள், புதரில் மறைவுக்கு ஒதுங்கும்போது தடியால் தரையைத் தட்டுங்கள். கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றி, காலை அசையாமல் தடியோடு சேர்த்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. இங்கே கொடுக்கும் நஞ்சுமுறி நாகம், கட்டுவிரியன், இரண்டு விரியன்கள் என நாலுக்கும் சேர்த்தே செய்தது.

மழை: ஓடையில் நீர் முழங்காலைத் தாண்டி ஓடினால் கடக்காதீர்கள், காத்திருங்கள். சிறிய ஓடை ஏறிய வேகத்திலேயே வடியும்.

வீட்டுக்கு வந்தபின்

ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஆள் எண்ணிக்கையையும் குப்பைப்பையையும் சரிபாருங்கள். பிள்ளைகளின் சட்டைப்பையையும் பாருங்கள், 'அழகான கல்' ஒன்று ஒளிந்திருக்கும். வீட்டில் குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டைக்கோடு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்தால் தலையோடு வந்துவிடும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.